தன் முகம் எழுதுதல்

ஓவியம் பழக விரும்பும் மாணவனுக்கு இந்நகரில் எளிதில் கிடைக்காத பொருள் ஒன்று உண்டு. அஃது அசையாமல் அமர்ந்திருக்கும் ஓர் ஆள். ரயிலில் எதிரே இருப்பவர் சயானில் இறங்கிவிடுவார். அறைத்தோழர் ஐந்து நிமிடத்தில் செல்பேசியைக் கையில் எடுத்துவிடுவார். கூலி கேளாமல், நேரம் பாராமல், நள்ளிரவிலும் நம்முன் அமரக்கூடியவர் ஒருவரே. அவர் கண்ணாடிக்குள் இருக்கிறார். ஆயினும் படம் வரையும் நம் நண்பர்களின் ஏடுகளைப் புரட்டினால் கோயில் கோபுரம் இருக்கிறது, கடற்கரை இருக்கிறது, நடிகர்களின் முகங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. வரைந்தவரின் முகம் மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டால், "என் மூஞ்சியைப் போய் யார் வரைவது?" என்கிறார்கள். இந்த விடையைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். கூடவே, பேனாவும் நீர்வண்ணமும் கொண்டு தன் முகம் எழுதும் முறையையும் ஓர் அறிவியல் மாணவன் அறிந்த அளவில் கூற முயல்கிறேன். (நீர்வண்ணத்தைக் கடையில் வாட்டர்கலர் என்று கேட்டால்தான் தருவார்கள்.)

'எழுதும் முறை' என்றது தெரிந்தே சொன்னதுதான். பழந்தமிழில் ஓவியம் எழுதப்பட்டது. சொல்லை எழுதவும் உருவை எழுதவும் நம் முன்னோர்க்கு ஒரே வினைச்சொல் போதுமானதாக இருந்தது.

பேனாவும் நீர்வண்ணமும் கொண்டு எழுதப்பட்ட தன்னுருவங்களுள் என் மனத்தை மிகவும் கவர்ந்த ஒன்று, அழகிற்காக எழுதப்பட்டதே அன்று. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் வாழ்ந்த ஆல்பிரெக்ட் டியூரர் (1471 - 1528) பெரும் ஓவியர். 1484ஆம் ஆண்டில், தம் 13ஆம் வயதிலேயே, கண்ணாடியைப் பார்த்து வெள்ளிமுனைக் கோலால் தம் முகத்தை வரைந்தவர். பிற்காலத்தில் அவருக்கு உடல் நலம் குன்றியது. அப்போது அவர் ஒரு சிறு தாளை எடுத்தார். உள்ளங்கை அளவே உள்ள தாள். இடைவரை ஆடையற்ற தம் உடலைப் பேனாக் கோட்டினால் வரைந்தார். மெல்லிய வண்ணத்தைப் பூசினார். விலாவின் கீழே ஓரிடத்தில் வட்டமிட்டு, அதற்குள் மஞ்சள் வண்ணத்தை வைத்தார். படத்திலுள்ள டியூரர் தம் விரலால் அந்த மஞ்சள் இடத்தைச் சுட்டிக் காட்டுகிறார். மஞ்சள் உள்ள இடத்தில், விரல் காட்டும் இடத்தில் தமக்கு வலிக்கிறது என்று மேலே எழுதியும் வைத்திருக்கிறார். தொலைவிலுள்ள மருத்துவர் ஒருவருக்கு அனுப்பவே இதை வரைந்திருக்க வேண்டும் என்று கலை வரலாற்றறிஞர்கள் கருதுகின்றனர். அப்படம் பிரேமன் நகர ஓவியக்கூடத்தைச் சேர்ந்தது.

இதில் நாம் காண வேண்டியது என்ன? தம் உடலைப் பற்றி நாணமும் இல்லை, பெருமையும் இல்லை. இங்கே வலி, இவ்வளவு பரப்பு, இன்ன நிறம் என்று சோதனைச்சாலைக் குறிப்பேட்டில் அளவீட்டைப் பதிவதுபோல் பதிந்திருக்கிறார். நம் ஆய்வகத்தில் வெப்பமானி 31 காட்டும்போது, 30 என்றிருந்தால் அழகாயிருக்குமே என்று நாம் திருத்தி எழுதுவதில்லை. தன் முகம் எழுதுவதும் அத்தகைய ஓர் அளவீடே என்று கொண்டால், "என் மூஞ்சியைப் போய்" என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தம் முகத்தை எத்தனை முறை எழுதினார் என்பது உலகறிந்தது. பேனாவும் தூரிகையும் கொண்டு அவர் ஏறத்தாழ 1628 - 29இல் எழுதிய சிறு தன்னுருவம் ஒன்று ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 22 அல்லது 23. அதாவது நம் வயது. கலைந்த முடி, பாதி நிழலில் மறைந்த கண்கள். வின்சென்ட் வான்கோ 1886 முதல் 1889 வரை முப்பதுக்கும் மேற்பட்ட தன்னுருவங்களைத் தீட்டினார். அமர்வோருக்குக் கூலி கொடுக்க அவரிடம் பணம் இல்லை என்பது அதற்கு ஒரு காரணம். விடுதி மாணவருக்கு இந்தக் காரணம் நன்கு விளங்கும்.

ஓவியம் கலைக்கல்லூரியில் பயின்றோருக்கே உரியது என்று எண்ணும் நண்பர்களுக்கு, மதுரையில் பிறந்த மனோகர் தேவதாஸ் (1936 - 2022) அவர்களை நினைவூட்ட வேண்டும். அவர் படித்தது வேதியியல். பார்த்த தொழிலும் வேதியியல். மதுரையின் தெருக்களையும் கோயிலையும் மைப்பேனாவால் நுண்ணிய கோடு கோடாக வரைந்தார். விழித்திரை படிப்படியாக நலியும் நோயினால் அவர் பார்வை ஆண்டுதோறும் குறுகிக்கொண்டே வந்தது. அதனிடையேதான் அவர் வரைந்தார். 2020ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதற் கேள்வி, கண்ணாடியா செல்பேசிப் படமா என்பது. கண்ணாடியே என்பேன்; அதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 செ.மீ. ஆழம் உண்டு என்று கொள்வோம். செல்பேசியை மூக்கிலிருந்து 30 செ.மீ. தொலைவில் பிடித்தால் காது 42 செ.மீ. தொலைவில் இருக்கும். அருகில் உள்ளது பெரிதாகத் தோன்றும் ஆதலால், காதோடு ஒப்பிட மூக்கு 42/30, அதாவது 1.4 மடங்கு பெருத்துத் தெரியும். கண்ணாடியின் முன் 60 செ.மீ. தள்ளி அமர்ந்தாலோ, உருவம் கண்ணாடிக்குப் பின்னும் 60 செ.மீ. தள்ளி இருக்கிறது, ஆக நாம் பார்ப்பது 120 செ.மீ. தொலைவிலுள்ள முகத்தை. காது 132. விகிதம் 1.1 மட்டுமே. நண்பர் நம்மை நாற்காலியில் எதிரே அமர்ந்து பார்ப்பது போன்ற முகம் இது. செல்பேசிப் படத்தைப் பார்த்துத் தம் மூக்கைப் பழித்துக்கொள்ளும் நண்பர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கண்ணாடிக்கு இன்னொரு நற்குணம் உண்டு. அதன் பரப்பிலே நம் முகம் விழும் அளவு, நாம் எவ்வளவு விலகி நின்றாலும், உண்மை முகத்தில் சரிபாதியே. குளித்து முடித்ததும் ஆவி படிந்த கண்ணாடியில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முகத்தின் எல்லையை விரலால் சுற்றி வரைந்து பாருங்கள். பிறகு அளந்து பாருங்கள். உச்சி முதல் மோவாய் வரை 22 செ.மீ. உள்ள தலை அங்கே 11 செ.மீ.தான் இருக்கும். ஆகவே சிறு ஏட்டின் பக்கத்தில் அதே அளவில் வரையலாம். கண்ணாடியின் மேலேயே அடிக்கோலை வைத்து அளந்து தாளுக்கு மாற்றலாம். இடவலம் மாறும் என்பது உண்மையே. இடக்கன்னத்து மச்சம் படத்திலும் இடப்பக்கமாகவே வரும். எதிரே நின்று பார்க்கும் நண்பருக்கு அது சற்று வேற்றாளாகத் தோன்றலாம். அதனால் கெடுதி ஒன்றுமில்லை. டியூரரும் ரெம்பிராண்டும் கண்டது இதே மாறிய முகத்தைத்தான்.

அளவில் பலர் இடறும் இடம் கண். கண் நெற்றிக்கு அருகில் இருப்பதாக நம் மனம் நம்புகிறது; அளந்தால் உச்சிக்கும் மோவாய்க்கும் நடுவில் இருக்கிறது. நம் சிற்ப நூல்களின் தாலக் கணக்கும் இங்கே உதவும். அவற்றின்படி, மயிர் தொடங்கும் எல்லையிலிருந்து மோவாய் வரை முகம் 12 அங்குலம். அது புருவம், மூக்கு நுனி ஆகிய இடங்களில் வெட்டுண்டு மூன்று சம பங்காகும். (இவ்வங்குலம் உருவத்திற்கேற்ப மாறும் அளவு, இஞ்சு அன்று.) ஆனால் இக்கணக்குத் தெய்வ உருவங்களுக்கு ஏற்பட்டது. உங்கள் முகம் எந்தப் பங்கில் மிகுகிறது, எந்தப் பங்கில் குறைகிறது என்று பார்த்தால், அந்த வேறுபாட்டில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். எனக்குக் கீழ்ப்பங்கு நீளம். அதைக் குறைக்காமல் வரைந்தபோதுதான் என் தங்கை படத்தைப் பார்த்து, "அப்பா மாதிரி இருக்கு, அண்ணா" என்றாள்.

பென்சிலால் மெல்லக் குறித்தபின் பேனா. மையைப் பற்றி ஒரு சொல். சாதாரண ஊற்றுப்பேனா மை நீரில் கரைந்த சாயம்; அதன்மேல் ஈரத் தூரிகை பட்டால் முகம் முழுவதும் நீலக் கண்ணீர் ஓடும். இந்தியன் இங்க் என்பது கரித்துகளும் அரக்குப் பசையும் சேர்ந்தது, காய்ந்தபின் கலங்காது. அதை ஊற்றுப்பேனாவில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். தொட்டெழுதும் நிப்புக்கே அது ஏற்றது. ஒன்றும் கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் பால்பாயிண்ட் பேனா போதும். அதன் மை எண்ணெய்ப் பசை ஆதலால் பெரும்பாலும் நீருக்கு அசையாது. எதுவாயினும் ஓரத்துத் தாளில் ஒரு கோடு இழுத்து, காயவிட்டு, நனைத்துப் பார்த்துவிட்டே முகத்தில் கை வைக்க வேண்டும்.

பேனாக் கோடு எல்லைக்கு, நிறத்திற்கு அன்று. இதை வற்புறுத்திச் சொல்கிறேன். கருநிறத்தைக் காட்டுவதாக எண்ணிக் கன்னம் முழுதும் குறுக்கும் நெடுக்கும் கோடு இழைப்போர் பலர். முடிவில் முகம் கருமையாகத் தெரியாது. கரி பூசியதுபோல் அழுக்காகத் தெரியும். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் ஓவியர் ஆதிமூலம் (1938 - 2008) வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பாருங்கள். எத்தனை இடங்களைத் தொடாமல் விட்டிருக்கிறார் என்பதைக் கவனித்தால், பேனாவை எங்கே நிறுத்துவது என்பது விளங்கும். இமை, மூக்குத் துளை, உதடுகள் கூடும் கோடு, காதின் மடிப்பு, மயிர் - இவ்வளவில் பேனாவின் வேலை முடிந்தது.

இனி நிறம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இதுதான்.

நம் கடைகளில் கிடைக்கும் வண்ணப்பெட்டிகள் சிலவற்றில் இளஞ்சிவப்பும் வெளிர்மஞ்சளும் கலந்த ஒரு நிறம் இருக்கும். அதற்குப் பெயர் பிளெஷ் டின்ட், அதாவது தசைநிறம். யாருடைய தசை? மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் அந்த நிறத்தில் நான் கண்டவை சில ரோஜாப்பூக்களே. அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் தன் மெழுகுக்கோல்களில் 'தசை' என்று பெயரிட்டிருந்த நிறத்தை 1962இல் 'பீச்' என்று மாற்றியது. ஒரு பழத்தின் பெயர். பெயரை மாற்றலாம். ஆனால் பள்ளியில் முகம் என்றால் அந்தக் கோலையே எடுக்கப் பழகிய கை எளிதில் மாறுவதில்லை. நம்மில் பலர் இன்றும் முதலில் அதைத்தான் தொடுகிறோம். திருமண விளம்பரங்களில் 'சிவப்பு' தேடுகிற சமூகம் நம்முடையது. இந்நகரிலோ, நாம் வாய் திறக்குமுன் நம் முகமே முன்னே சென்று நம் ஊரைச் சொல்லிவிடுகிறது. எனவே தன் முகம் எழுத உட்காரும்போது, அறிந்தோ அறியாமலோ, இரண்டு படி வெளுக்க வைக்கிறோம். இந்தப் படங்களைப் பார்க்கையில் எனக்கு வருத்தம் உண்டாகிறது.

சங்கப் பாடல்களைப் பயின்ற நண்பர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே தலைவியின் மேனிக்கு அழகு மாமை. மாந்தளிர் போன்ற நிறம். 'மாநிறம்' என்ற நம் வீட்டுச் சொல் அதன் உறவே எனலாம். அங்கே நிறம் வெளுப்பது அழகன்று. அது பசலை, பிரிவினால் வந்த நோய். வெளுப்பை நோய் என்று பாடிய மொழியைப் பேசிக்கொண்டு, வெளுப்பையே தேடித் தூரிகையை நனைப்பது விந்தையாக இருக்கிறது.

நம் நிறத்தைக் கலக்க எந்த வண்ணம் வேண்டும்? கறுப்பு வேண்டாம். தோலுக்கு நிறம் தருவது மெலனின். அது நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் விழுங்குகிறது. ஆதலால் எவ்வளவு கருத்த தோலிலும் உள்ளே ஒரு செம்மை தங்கியிருக்கும். கறுப்பு வண்ணமோ எல்லா ஒளியையும் ஒரே அளவில் விழுங்கி, முகத்தைச் சாம்பல் ஆக்கிவிடும். மூன்று வில்லைகள் போதும்: யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின். உதட்டுக்கும் காது மடலுக்கும் சிறிது கிரிம்சன் சேர்த்துக்கொள்ளலாம்.

இவற்றின் வேதியியலும் இனியது. ஓக்கர் என்பது நீர் பிணைந்த இரும்பு ஆக்சைடு கொண்ட மண். அத்தகைய சியன்னா மண்ணைச் சுட்டால் நீர் நீங்கிச் செம்மை ஏறும். அதுவே பர்ன்ட், அதாவது சுட்ட சியன்னா. தாராவியின் கும்பார்வாடாவில், சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்களின் சூளையில், பழுப்பு மண் சிவந்த பானையாக மாறுவதும் இதே வினைதான். பானை சுடும் வேதியியல் நம் முகத்தின் நிறத்தையும் தருகிறது. அல்ட்ராமரின் வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப்பொடியின் இனம். மூன்று கந்தக அணுக்கள் சேர்ந்த அயனியே அதன் நீலத்திற்குக் காரணம்.

முதலில் ஒளி பளிச்சிடும் இடங்களை ஆராயுங்கள்: நெற்றி மேடு, மூக்கின் முதுகு, கன்னத்தின் எலும்பு. தோலின் மேற்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் நான்கைந்து பங்கை அப்படியே திருப்பி அனுப்புகிறது. எந்த நிறத் தோலுக்கும் இது ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கருத்த தோலின் உள்ளிருந்து திரும்பி வரும் ஒளி குறைவாதலால், மேற்பரப்பின் மினுக்கம் எடுப்பாகத் தெரிகிறது. கருமைக்கு இயற்கை அளித்த அணி இது. அந்த மினுக்கம் தோலின் நிறமன்று, விளக்கின் நிறம். டியூப்லைட்டானாலும் சன்னல் வானமானாலும் பெரும்பாலும் சற்று நீலம் கலந்திருக்கும். ஆகவே மிக நீர்த்த அல்ட்ராமரினை அங்கே தடவி, காய்ந்தபின் அவ்விடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். பிறகு ஓக்கரும் சியன்னாவும் கலந்த மெல்லிய பூச்சு முகம் முழுவதற்கும். அது காய்ந்தபின் சியன்னா மிகுந்த இரண்டாம் பூச்சு. மூன்றாவது, சியன்னாவில் அல்ட்ராமரின் கலந்து, கண்குழி, மூக்கின் கீழ், தாடையின் கீழ் ஆகிய நிழல்களுக்கு.

இங்கே அஞ்சாமை வேண்டும். ஈரமாயிருக்கையில் நீர்வண்ணம் ஆழமாகத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். துகள்களின் இடையே நீர் இருந்த இடத்தில் காற்று புகுந்து ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்வதே காரணம். பழகாதவர், "ஐயோ, கருத்துவிட்டதே" என்று ஈரத்தைக் கண்டு நிறுத்திவிடுகிறார். காய்ந்ததும் முகம் வெளிறிக் கிடக்கிறது. பெட்டியிலுள்ள தசைநிறத்தை ஒதுக்கியவரையும் இந்த அச்சம் பழைய இடத்திற்கே கொண்டு வந்துவிடும். வேண்டிய ஆழத்திற்கும் ஒரு படி மேலாகவே பூசுக.

நீர்வண்ணத்தால் அவ்வளவு இருளைத் தாங்க இயலுமா என்று ஐயுறுவோர் மைசூர் ஜகன்மோகன் அரண்மனைக்குச் சென்றால், கையில் விளக்கேந்திய பெண்ணின் படத்தைக் காணலாம். ரவிவர்மாவின் படம் என்று பலரும் நம்பும் அது, பம்பாயில் ஓவியப் பள்ளி நடத்திய சாவ்லாராம் ஹல்தன்கர் (1882 - 1968) 1945 - 46இல் தீட்டிய நீர்வண்ணம். விளக்கொளி அத்தனை சுடர்வதற்கு அதைச் சூழ்ந்த இருளின் ஆழமே காரணம்.

தாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். மெல்லிய தாள் நீர் பட்டதும் அலை அலையாக எழும்பும், 300 ஜி.எஸ்.எம். தாள் ஒன்றை வாங்கி நான்காக வெட்டிக்கொண்டால் செலவு மிகாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே காற்றில் ஈரம் மிகுதி. ஒரு பூச்சுக் காய அரைமணி நேரம்கூட ஆகலாம். மின்விசிறியின் கீழ் வைத்துவிட்டு ஒரு பாடம் படித்து வரலாம். தொட்டுப் பார்க்க வேண்டாம். புறங்கையைத் தாளுக்கு அருகில் கொண்டுபோனால் ஈரத்தின் குளிர்ச்சி தெரியும். வண்ண வில்லைகளில் வேல மரப் பிசின் இருப்பதால் மழைமாதங்களில் பூஞ்சை பிடிக்கும். பெட்டியைத் திறந்து வைத்து நன்கு உலர்த்தியபின் மூடுங்கள். முடிந்த படத்தின் மூலையில் நாளையும் எந்த விளக்கில் வரைந்தது என்பதையும் குறித்து, இரண்டு தடித்த புத்தகங்களின் இடையே ஓர் இரவு வைத்தால் தாள் நேராகிவிடும்.